சம்பளம் இல்லாமல் ராத்திரி டியூட்டி பார்க்கும் ஆந்தைகள்!

"பேய்" என்று விரட்டுகிறார்கள். பேயோ எலி பிடிக்கிறது!

சென்னை நகரில் ராத்திரி கண் விழித்து வேலை பார்ப்பவர்கள் யார், யார்?

ரோந்து போலீசார், ஆஸ்பத்திரி நர்சுகள், ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன்கள், கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்கள், பால் வண்டிக்காரர்கள்... இப்படிப் பெரிய பட்டியலே போடலாம்.

அந்தப் பட்டியலில் இன்னொருவரும் உண்டு. அவருக்குச் சம்பளம் கிடையாது. போனஸ் கிடையாது. தீபாவளிக்குக்கூட லீவு கிடையாது. வேலை மட்டும் பக்கா. அதற்குக் கிடைக்கும் மரியாதை கல்லடி!

அவர்தான் ஆந்தையார்.

"ஆந்தையா? நம்ம ஊரிலா?" என்று கேட்காதீர்கள். சென்னையில் ஆந்தை இல்லாத பேட்டை குறைவு. நாம் தூங்கப் போகிற நேரத்தில் அது கிளம்புகிறது. அது வீடு திரும்பும்போது நாம் பல் துலக்கிக் கொண்டிருக்கிறோம். அதனால் இரண்டு பேரும் சந்திப்பதில்லை, அவ்வளவுதான்.

உலகத்தில் 200-க்கும் மேற்பட்ட ஆந்தை வகைகள் இருக்கின்றன. பனி மூடிய அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் ஆந்தை உண்டு. இந்தியாவில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட வகைகள். அவற்றில் நகரத்து மனிதர்களோடு ஒண்டுக் குடித்தனம் நடத்துபவை முக்கியமாக இரண்டு.

யார் அந்த இரண்டு பேர்?

ஒன்று புள்ளி ஆந்தை. மைனா அளவுதான் இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். மஞ்சள் கண். பெரும்பாலும் புருஷனும் பெண்சாதியுமாக ஜோடியாகவே இருக்கும். மரப்பொந்து, சுவர் ஓட்டை, பழைய வீட்டு ஓட்டுக்கு அடியில் உள்ள சந்து என்று கிடைத்த இடத்தில் குடியிருக்கும்.

இது முழு ராத்திரிக்காரர் அல்ல. சூரியன் மறைவதற்குள்ளேயே வெளியே வந்துவிடும். கிளையில் உட்கார்ந்து "கிர்ர்... கிர்ர்... சிவுக், சிவுக்" என்று தம்பதிகள் இரண்டும் சண்டை போடுவது போலச் சத்தம் போடும். உண்மையில் அது சண்டை இல்லை, குசலம் விசாரிப்பு! தெரு விளக்கைச் சுற்றும் ஈசல், விட்டில் பூச்சி, வண்டு எல்லாம் இதற்கு ராத்திரி டிபன். பல்லி, ஓணான் குட்டி, சுண்டெலி கிடைத்தால் அன்றைக்கு விருந்து.

இன்னொன்று கூகை. இதுதான் ஆசாமி! ஒரு அடிக்கு மேல் உயரம். சிறகை விரித்தால் ஏறத்தாழ மூன்றடி. வயிற்றுப் பக்கம் பால் வெள்ளை. முதுகில் சந்தனமும் சாம்பலும் கலந்த நிறம். முகம் மட்டும் வெட்டி வைத்த இருதயப் படம் போல இருக்கும். நடுவில் இரண்டு கரிய கண்கள். பாழடைந்த பங்களா, கோவில் கோபுரம், மூடிக் கிடக்கும் கோடவுன், ஏ.சி. மிஷினுக்குப் பின்னால் உள்ள இடுக்கு ஆகியவை இதன் வாசஸ்தலம்.

பல ஊர்களில் "சாவுக்குருவி" என்று திட்டு வாங்குவதும் இதுதான்.

"அண்ணே, மாடியிலே பிசாசு!"

கூகை மற்ற ஆந்தைகளைப் போலக் "கூ... கூ..." என்று கத்தாது. "கிரீ...ச்ச்ச்" என்று தகரத்தைக் கிழிப்பது போல ஒரு நீண்ட அலறல். நடுநிசியில், அதுவும் கரண்டு போன நேரத்தில் கேட்டால் எப்பேர்ப்பட்ட தைரியசாலிக்கும் வயிற்றைக் கலக்கும்.

குஞ்சுகள் அதைவிட மோசம். பசி வந்தால் "புஸ்ஸ்... புஸ்ஸ்..." என்று சீறும். கூட்டாகச் சீறினால் யாரோ குறட்டை விடுவது போல இருக்கும். பரணுக்கு மேலே பாம்பு புகுந்துவிட்டது என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. "அண்ணே, மாடியிலே பிசாசு மூச்சு வுடுது... நான் தனியா போகமாட்டேன்" என்று வாட்ச்மேன் பின்வாங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளை உருவம் ஒன்று சத்தமே இல்லாமல் ஜன்னலைத் தாண்டி மிதந்து போவதைப் பார்த்தவருக்கு அது பறவை என்று தோன்றுமா?

2017-ம் வருடம் விசாகப்பட்டினத்தில் ஒரு கூத்து நடந்தது. கட்டிட வேலை நடந்த இடத்தில் மூன்று விசித்திர உருவங்கள் நிமிர்ந்து நின்றன. நீண்ட முகம், கறுப்புக் கண், மேலெல்லாம் அரைகுறைப் பஞ்சு, மனிதன் போல இரண்டு கால். "வேற்றுக் கிரகவாசிகள் வந்துவிட்டார்கள்" என்று வீடியோ உலகம் முழுவதும் சுற்றியது. கடைசியில் பார்த்தால் இறகு முளைக்காத கூகைக் குஞ்சுகள்! தாய் தகப்பன் எங்கே என்று அவை முழித்துக் கொண்டிருந்தன. ஊர் உலகம் அவற்றைப் பார்த்து முழித்தது.

எட்டு தடவை கத்தினால் என்ன?

ஆந்தை அலறினால் அந்த வீட்டில் சாவு விழும் என்ற நம்பிக்கை நேற்று முளைத்ததல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர், தென்னிந்தியச் சகுனங்களைப் பற்றி 1912-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். ஆந்தைச் சத்தத்துக்கு நம்மவர்கள் வைத்திருந்த கணக்கை அதில் எழுதியிருக்கிறார்.

ஒரு தடவை கத்தினால் சாவு. இரண்டு தடவை என்றால் எடுத்த காரியம் ஜெயம். மூன்று என்றால் வீட்டுக்கு மருமகள் வருவாள். எட்டு என்றால் திடீர் மரணம். ஒன்பது என்றால் நல்ல காலம்!

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரே ஒரு கத்தல்தான். இருட்டில் படுத்துக்கொண்டு எண்ணியவர் தூக்கக் கலக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டால் கதை என்ன ஆவது? யார் எண்ணினார்கள், யார் சரி பார்த்தார்கள் என்று கேட்கக் கூடாது போலும்.

இந்த பயம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்தால் விஷயம் அப்படி ஒன்றும் மர்மம் இல்லை. முன்பெல்லாம் எல்லோரும் வீட்டிலேயேதான் செத்தார்கள். சீக்காளி கிடக்கும் வீட்டில் மட்டும் விடிய விடிய விளக்கு எரியும். சொந்தபந்தம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தினமும் கத்துகிற ஆந்தை அன்றைக்கும் கத்தியது. அன்றைக்குத்தான் கேட்க ஆள் விழித்திருந்தது. விளக்குக்கு வந்த பூச்சியைத் தேடி ஆந்தை பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். காலையில் சாவு. பழி யார் மேல்? ஆந்தை மேல்.

அதே ஆந்தையை வங்காளத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கும்பிடுகிறார்கள்! அங்கே வெள்ளை ஆந்தை சாட்சாத் லட்சுமி தேவியின் வாகனம். வீட்டுப் பக்கம் வந்தால் காசு வரப்போகிறது என்று சந்தோஷம். கிரேக்க நாட்டில் அது அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவை. பழைய ஏதென்ஸ் நகர வெள்ளிக் காசில் ஆந்தை இருந்தது. இன்றைக்கும் கிரீஸ் வெளியிடும் ஒரு யூரோ நாணயத்தில் அந்தப் பழைய காசின் படம் இருக்கிறது. கல்லாப்பெட்டியில் ஆந்தையை வைத்துக்கொண்டே வியாபாரம் செய்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மூர் பஞ்சபட்சி சாஸ்திரத்திலேயே வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பறவைகள். "என் பட்சி ஆந்தை" என்று பெருமையாகச் சொல்லி நேரம் பார்த்துக் கிளம்புபவரே, முருங்கை மரத்தில் ஆந்தை உட்கார்ந்தால் செருப்பை எடுத்து வீசுகிறார்.

காதால் பார்க்கும் பறவை

ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்பார்கள். தவறு. நன்றாகவே தெரியும். மனிதனைப் போல நிறங்களைப் பிரித்துப் பார்ப்பது குறைவு, அவ்வளவுதான். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதில் அது நம்மைவிடப் பல மடங்கு கில்லாடி.

ஆனால் கூகையின் உண்மையான பலம் கண் அல்ல. காது!

அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் பெய்ன் ஒரு சோதனை செய்தார். (இவர்தான் பிற்காலத்தில் திமிங்கலங்களின் பாட்டை ஒலிப்பதிவு செய்து உலகப் புகழ் பெற்றவர்.) ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாத அறை. தரையெல்லாம் சருகு. அதில் ஒரு எலியை விட்டார். மேலே ஒரு கூகை. எலி சருகில் கால் வைத்ததுதான் தாமதம், கூகை பாய்ந்து அமுக்கிவிட்டது.

ஒருவேளை வாசனையைப் பிடிக்கிறதோ? எலியின் உடம்புச் சூட்டை உணர்கிறதோ? அதையும் பார்த்துவிடலாம் என்று காகித உருண்டை ஒன்றை நூலில் கட்டி சருகின் மேல் இழுத்தார். கூகை அதையும் பாய்ந்து பிடித்தது. காகிதத்துக்கு ஏது சூடு, ஏது வாசனை? எல்லாம் காது செய்கிற வேலை என்பது ருசுவாகிவிட்டது.

இதன் ரகசியம் ரொம்ப ருசிகரமானது. நம் காதுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. கூகைக்கு அப்படி இல்லை. இடது காது கொஞ்சம் மேலே; வலது காது கொஞ்சம் கீழே. இடது காதுக்குக் கீழே இருந்து வரும் சத்தம் நன்றாகக் கேட்கும். வலது காதுக்கு மேலே இருந்து வருவது. சத்தம் எந்தக் காதில் பலமாக விழுகிறது என்பதை வைத்து எலி எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். எந்தக் காதுக்கு முதலில் வந்தது என்பதை வைத்து இடமா, வலமா என்று கண்டுபிடிக்கும்.

"முதலில்" என்றால் எவ்வளவு முதலில்? ஒரு செகண்டை ஒரு லட்சம் பங்காக வெட்டுங்கள். அதில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் போதும்!

முகத்தில் இருதய வடிவில் இருக்கும் இறகு வட்டம் அழகுக்காக ஏற்பட்டதல்ல. டி.வி. டிஷ் ஆண்டெனா சிக்னலைப் பிடித்துக் கொடுப்பது போல, அது சத்தத்தைப் பிடித்துக் காதுக்குள் தள்ளுகிறது. கலிபோர்னியாவில் மசகாசு கோனிஷியும் எரிக் நட்சனும் கூகையின் மூளையை ஆராய்ந்தார்கள். சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பதற்கு மூளைக்குள் ஒரு வரைபடமே போட்டு வைத்திருப்பதை 1978-ல் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் மூளை படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். நாம் "ஆந்தை மாதிரி முழிக்கிறான்" என்று மக்குப் பையனைத் திட்டுகிறோம்!

அந்த முழி ஏன் என்றால், ஆந்தையின் கண் நம் கண்ணைப் போல உருண்டை இல்லை. குழாய் மாதிரி நீளம். எலும்பு வளையத்துக்குள் இறுக்கமாகப் பொருத்தியது. அதனால் கண்ணை இப்படி அப்படி உருட்ட முடியாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் தலையைத்தான் திருப்ப வேண்டும்.

அதற்குத்தான் அந்தக் கழுத்து. மனிதனுக்குக் கழுத்து எலும்பு ஏழு. ஆந்தைக்குப் பதினாலு. முக்கால் வட்டம், அதாவது 270 டிகிரி திருப்பும். இப்படித் திருகினால் ரத்தக் குழாய் நசுங்கி மயக்கம் வராதா? இந்தக் கேள்விக்கு 2013-ல்தான் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் பதில் கண்டுபிடித்தார்கள். கழுத்து எலும்பில் ரத்தக்குழாய் போகும் துவாரம், குழாயைவிடப் பத்து மடங்கு பெரிதாக இருக்கிறது. குழாய் தாராளமாக நகர இடம் இருப்பதால் நசுங்குவதில்லை. போதாதற்கு, தாடைக்குக் கீழே ரத்தத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

புல்லட் ரயிலுக்குப் பாடம்

புறா பறந்தால் "படபட" என்று கேட்கும். காகம் பறந்தால் "விஷ்" என்று கேட்கும். ஆந்தை பறந்தால்? ஒன்றுமே கேட்காது.

ஆந்தையின் சிறகில் முன்விளிம்பு சீப்புப் பல் போல இருக்கும். பின்விளிம்பு குஞ்சம் போல நைந்திருக்கும். மேலே வெல்வெட் துணி போல மெத்தென்று இருக்கும். காற்று கிழிபடும்போது வரும் சத்தத்தை இந்த மூன்றும் சேர்ந்து அமுக்கிவிடுகின்றன. உடம்பு லேசு, சிறகு பெரிது. அடிக்கடி அடிக்க வேண்டியதில்லை. எலிக்குத் தன் தலைக்கு மேலே எமன் வருவது தெரியவே தெரியாது.

ஜப்பானில் புல்லட் ரயில் ஓடும்போது, மேலே மின்சாரக் கம்பியைத் தொடும் சட்டம் காற்றில் பெரிதாக இரைந்தது. பக்கத்தில் குடியிருந்தவர்கள் தூக்கம் கெட்டது. எஞ்சினீயர் எய்ஜி நகாட்சு பறவைகளைக் கவனிப்பதில் பிரியம் உள்ளவர். ஆந்தைச் சிறகின் பல்லைப் பார்த்து அதே மாதிரி நுணுக்கத்தை அந்தச் சட்டத்தில் செய்தார். சத்தம் அடங்கியது. 1997-ல் ஓட ஆரம்பித்த 500 வரிசை ரயிலில் இதைப் பொருத்தினார்கள். நம் பீச்-தாம்பரம் மின்சார ரயிலில் போகிறவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விட்டால் ஆச்சரியம் இல்லை.

கடைக்காரர்களுக்கு ஒரு கணக்கு

எலியால் நஷ்டம் எவ்வளவு என்று மளிகைக் கடைக்காரரையும், ஜவுளி கோடவுன்காரரையும் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அரிசி மூட்டை ஓட்டை. பட்டுப்புடவை ஓட்டை. கம்ப்யூட்டர் ஒயர் கடி. பழைய ஆபீஸ்களில் பைல் கட்டுகளைக் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு எலிக் காய்ச்சல்.

எலி கர்ப்பம் மூன்றே வாரம். ஒரு ஈட்டில் ஆறு, எட்டு குட்டி. அவை இரண்டு மூன்று மாதத்தில் தாங்களே குடும்பஸ்தர்கள் ஆகிவிடும். இந்த வேகத்துக்குப் பொறி வைத்துப் பிடித்து மாளுமா?

கூகையின் முக்கியச் சாப்பாடே சுண்டெலி, எலி, மூஞ்சூறுதான். பெரிய பெருச்சாளி மட்டும் அதற்குக் கொஞ்சம் கஷ்டம். அது ஆந்தையைவிட எடை கூடுதல். மற்றதெல்லாம் அப்படியே முழுங்கல்! எலும்பும் ரோமமும் ஜீரணமாகாது. அதையெல்லாம் வயிற்றுக்குள் உருண்டையாகச் சுருட்டி வாய் வழியாகத் துப்பிவிடும். கட்டிட மாடியில் கறுப்பாக, கட்டை விரல் பருமனில் உருண்டை உருண்டையாகக் கிடந்தால், "எவனோ மந்திரம் பண்ணி வெச்சிருக்கான்" என்று பயப்படாதீர்கள். உடைத்துப் பாருங்கள். உள்ளே எலி மண்டை ஓடு, பல், கால் எலும்பு எல்லாம் வரிசையாக இருக்கும். ஆந்தை அன்றன்றைக்கு எத்தனை எலி தின்றது என்பதற்கு அதுதான் ரசீது! விஞ்ஞானிகள் அதைப் பிரித்து எண்ணித்தான் கணக்கு எழுதுகிறார்கள்.

ஒரு ராத்திரிக்கு இரண்டு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஒரு கூகை வருடத்துக்கு 730 எலி தின்கிறது. தம்பதிகளுக்கு 1,460. குஞ்சு பொரித்துவிட்டால் கணக்கு இன்னும் எகிறும். எந்த எலி மருந்துக் கம்பெனி இந்த ரேட்டுக்கு வேலை செய்யும்?

இதைப் புரிந்துகொண்டவர்கள் விவசாயிகள். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் நெல் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். திருஷ்டிக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ராத்திரியில் ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிப்பதற்கு ஆசனம்! மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன் மேல் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடி வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலில் 1983-ல் ஒரு கூட்டுப் பண்ணையில் தொடங்கிய பெட்டித் திட்டம், பிறகு ஜோர்டானுக்கும் பாலஸ்தீனப் பகுதிகளுக்கும் பரவியது. முறைத்துக்கொண்டு நிற்கும் நாட்டுக்காரர்கள் ஆந்தை விஷயத்தில் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள்.

பாசக்காரத் தகப்பன்

கூகை ஒரு தடவைக்கு நாலு முதல் ஏழு முட்டை வரை இடும். கூடு என்று பிரமாதமாக ஒன்றும் கட்டாது. துப்பிய உருண்டைகள் உதிர்ந்து கிடக்கும் இடத்திலேயே இட்டுவிடும். ஒரே நாளில் எல்லா முட்டையும் இடுவதில்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒன்று. முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்க உட்கார்ந்துவிடும். ஒரு மாதம் அடை. தாய் நகராது. தகப்பன்தான் ராத்திரி முழுவதும் அலைந்து எலி பிடித்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

முதல் முட்டை முதலில் பொரிப்பதால் மூத்தவனுக்கும் கடைக்குட்டிக்கும் இரண்டு வாரம்கூட வித்தியாசம் இருக்கும். ஒன்று வளர்ந்து நிற்கும். இன்னொன்று உள்ளங்கை அளவு கிடக்கும். எலிப் பஞ்சம் வந்தால் கடைக்குட்டி செத்துவிடும். அதை அண்ணன்களே தின்றுவிடுவதும் உண்டு. கேட்கக் கொடூரமாக இருந்தாலும் அது இயற்கையின் கணக்கு.

ஆனால் சாப்பாடு ஓரளவு இருந்தால் இதே அண்ணன்கள் வேறு மாதிரி. சுவிட்சர்லாந்தில் ஆராய்ச்சியாளர்கள் கூட்டுக்குள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். மூத்த குஞ்சு தன் பங்கு எலியை எடுத்துப் பசியோடு கத்தும் தம்பிக்கு ஊட்டுகிறது! பறவைகளில் இப்படி ஒரு குணம் ரொம்ப அபூர்வம் என்று 2020-ல் எழுதினார்கள். தாயும் தகப்பனும் வெளியே போயிருக்கும்போது, அடுத்த எலி யாருக்கு என்று குஞ்சுகள் மாறி மாறிக் கத்திப் பஞ்சாயத்துப் பேசிக் கொள்வதையும் அதே நாட்டார் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எட்டு வாரத்தில் இறகு முளைத்துப் பறக்கத் தொடங்கும். அந்த எட்டு வாரத்தில்தான் பெரும்பாலான ஆபத்தும்.

வீடு எங்கே?

பழைய கட்டிடத்தை இடித்து அடுக்கு மாடி கட்டுகிறார்கள். இடிக்க வருபவர்கள் மாடியில் குஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பொந்து விழுந்த கிழட்டு மரம் "ஆபத்து" என்று வெட்டப்படுகிறது. 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் ஒரே நாளில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அவற்றுக்குப் பதில் நட்ட கன்றுகளில் பொந்து விழ இன்னும் எத்தனையோ வருடம் ஆகும். புதுக் கட்டிடத்தில் கண்ணாடிதான். ஒரு சந்து பொந்து கிடையாது. கிண்டி தேசியப் பூங்கா, அடையாறு தியாசபிகல் சொசைட்டி தோட்டம், ஐ.ஐ.டி. வளாகம் போன்ற இடங்கள்தான் புள்ளி ஆந்தைகளுக்குப் புகலிடமாக மிஞ்சி நிற்கின்றன.

அடுத்தது எலி மருந்து. மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து என்றால் நாலைந்து நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது ஆந்தைக்குச் சுலபம். தின்ற விஷம் ஆந்தை உடம்பிலும் ஏறும். எலியைத் தீர்க்க வைத்த மருந்து, எலியைத் தீர்ப்பவனையும் தீர்த்துவிடுகிறது. பிறகு எலி மட்டும் மறுபடி பெருகும். நாம் மறுபடி மருந்து வாங்கப் போவோம்.

மாஞ்சா நூல் இன்னொரு எமன். இருட்டில் மரத்துக்கு மரம் தொங்கும் நூல் ஆந்தை கண்ணுக்கும் தெரியாது. சிறகில் சுற்றினால் அறுத்துக்கொண்டே போகும்.

இதையெல்லாம்விடக் கேவலமானது மந்திரவாதி வியாபாரம். ஆந்தை நகம், மண்டை ஓடு, ரத்தம், முட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வைத்து ஏமாற்றும் கூட்டம் நாடு முழுக்க இருக்கிறது. காட்டுயிர் வியாபாரத்தைக் கண்காணிக்கும் டிராபிக் அமைப்பு 2010-ல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 15 வகை ஆந்தைகள் திருட்டுத்தனமாக விற்கப்படுவதைக் கண்டுபிடித்தது. கொம்பு போல இறகு நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய ஆந்தைக்குத்தான் கிராக்கி அதிகம். வடக்கே தீபாவளி நேரத்தில் இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போகும். லட்சுமி வர வேண்டும் என்று லட்சுமியின் வாகனத்தையே வெட்டுகிறார்கள்! அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷுக்கு இன்னொரு கவலை. ஹாரி பாட்டர் கதையைப் பார்த்துவிட்டு வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆந்தை வளர்க்க ஆசைப்படுகிறார்கள் என்றார்.

வளர்க்கக் கூடாது. பிடிக்கக் கூடாது. விற்கக் கூடாது. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அபராதமும் கூடிவிட்டது. மூன்று வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணைப் பறவை என்றால் இன்னும் கடுமை. "தெரியாமல் செஞ்சுட்டேன் சார்" என்பது கோர்ட்டில் எடுபடாது.

காக்கை கூட்டம் கண்டால்...

பகலில் காக்கைகள் கூட்டமாக ஒரு மரத்தைச் சுற்றிக் கத்தினால் நிமிர்ந்து பாருங்கள். நடுவில் ஒரு ஆந்தை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பகலில் காக்கை கூகையை ஜெயித்துவிடும் என்பதைத் திருவள்ளுவரே காலம் அறிதல் அதிகாரத்தை ஆரம்பிக்கும்போது சொல்லிவிட்டார். இரண்டாயிரம் வருட விரோதம் இன்னும் தீரவில்லை!

அடிபட்டு ஆந்தை கீழே விழுந்து கிடந்தால் கூட்டம் கூடி செல்போனில் படம் எடுக்க வேண்டாம். கையை நீட்டினால் நகம் பாய்ந்துவிடும், ஜாக்கிரதை. தடிமனான துண்டை மேலே போட்டு மெதுவாகத் தூக்கி, காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். பெட்டி இருட்டாக, சத்தம் இல்லாத இடத்தில் இருக்கட்டும். பால், சோறு, பிஸ்கட் எதுவும் கொடுக்க வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது; புரையேறிச் செத்துவிடும். வனத்துறைக்கோ, கிண்டி புளூ கிராசுக்கோ, தியாசபிகல் சொசைட்டி வளாகத்தில் உள்ள பெசன்ட் நினைவுக் கால்நடை மருத்துவமனைக்கோ தகவல் கொடுத்தால் போதும்.

குஞ்சு மட்டும் விழுந்திருந்து, அடி இல்லாமல் இருந்தால், காக்கையும் பூனையும் எட்டாத உயரத்தில் அதே மரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது புளுகு. இருட்டியதும் தாய் வரும்.

கட்டிடம் இடிக்கப் போகிறவர்களும், கிழ மரம் வெட்டப் போகிறவர்களும் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் கீழே நின்று பார்த்தால் ஒரு குடும்பமே பிழைக்கும். சுவரில் வெள்ளை எச்சம் வழிந்திருக்கிறதா, கீழே உருண்டை கிடக்கிறதா, சீறல் கேட்கிறதா? ஏதாவது ஒன்று இருந்தாலே வனத்துறையைக் கூப்பிட வேண்டியதுதான். குஞ்சுகள் பறக்க எட்டு வாரம். அதற்குள் பிளான் அப்ரூவலே வந்திருக்காது.

நேரில் பார்க்க ஆசையா? புள்ளி ஆந்தைதான் சுலபம். ஆபீஸ் விட்டு வரும்போது, ஆறு, ஆறரை மணிவாக்கில், பொந்து உள்ள பெரிய மரம் இருக்கும் தெருவில் கொஞ்சம் நில்லுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை குஞ்சு பொரிக்கும் காலம். ஆள் நடமாட்டம் கூடுதலாக இருக்கும். பொந்து வாயில் முதலில் இரண்டு மஞ்சள் கண் தெரியும். பிறகு வெள்ளைப் புருவம். உங்களைப் பார்த்ததும் அது தலையை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டும். கும்பிடு போடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். கண் உருளாததால், நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று தலையை ஆட்டி அளந்து பார்க்கிறது.

அளந்து முடித்ததும் உள்ளே போய்விடும். நீங்கள் நகர்ந்தால்தான் மறுபடி வெளியே வரும். அதற்கும் டியூட்டிக்கு நேரமாகிறது.